24 வருஷக் கல்யாணம், ஒரு பால் கணக்கு நோட்டு

பிரிவது என்று முடிவானதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். ஜீவனாம்சமாக அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும் என்றார் சித்தப்பா, வீட்டில் பாதி உன்னுடையதுதான் என்றார் அண்ணி. இரண்டும் தப்பு. இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவில் சதவீதமே கிடையாது, இரண்டு பேருடைய வருமானம், சொத்து, நடந்துகொண்ட விதம், மற்ற சூழ்நிலை எல்லாம் பார்த்து நீதிமன்றம் ஒரு தொகையைச் சொல்லும், அவ்வளவுதான். 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்றது, அதைத்தான் எல்லோரும் சட்டம் மாதிரிப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். வீடு அவர் பேரில் இருந்தால் எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும் தானாகப் பாதி வராது. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை, ஆனால் அது தனியாகச் சொத்து வழக்குப் போட்டு நடந்தது.

எனக்குத் திருப்பம் வந்தது சொத்து, கடன் பிரமாணப் பத்திரத்தில், அதாவது வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழியோடு எழுதிக் கொடுப்பதில். நவம்பர் 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் இரண்டு தரப்பும் அதைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். அவர் மாத வருமானம் 48,000 என்று எழுதியிருந்தார். இரண்டு கடை வாடகையைக் காணோம், அந்த வாடகையை மாதாமாதம் வாங்கிவந்ததே நான்தான்! வக்கீல் "உங்ககிட்ட என்னம்மா ஆதாரம் இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது 11 வருஷ நோட்டு. பால், மளிகை, சிலிண்டர், வேலைக்காரம்மா சம்பளம், அவர் கார் பெட்ரோல் வரைக்கும் தேதி போட்டு எழுதியது. மாதம் 70,000 செலவான வீட்டில் 48,000 எப்படி வருமானமாக இருக்கும் என்று அதை வைத்துத்தான் கேட்டோம், அப்புறம் வங்கிக் கணக்கு விவரங்களும் வந்தன.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை, "படித்தவங்கதானே, வேலைக்குப் போகலாமே" என்றார். எனக்கு 49 வயது. 2003-ல் அவர் மாற்றலுக்காகப் பள்ளி வேலையை ராஜினாமா செய்த கடிதத்தின் நகல் பீரோவில் இருந்தது, அதையும் கொடுத்தோம். வழக்கு முடியும் வரைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் மாதம் 20,000, அதுவும் மனு போட்ட தேதியிலிருந்து, அதனால் 14 மாத பாக்கி சேர்ந்து வந்தது. கடைசியில் சமரச மையத்தில் மொத்தத் தொகையாகப் பேசி முடித்தோம். எவ்வளவு என்று இங்கே சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

*

நான் ஜீவனாம்சம் கொடுத்த கணவன் பக்கம். 22 வருஷக் கல்யாணம். வீட்டுக் கடன் தவணை, கூட்டுறவு சங்கப் பிடித்தம் எல்லாம் கழித்துக் கையில் வருவதை மட்டும் காட்டினேன், நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. வரி, பி.எஃப். கழிக்கலாம், நீங்களாக வாங்கிய கடனுக்கு அவங்க என்ன செய்வாங்க என்று கேட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் சரிதான் என்று படுகிறது. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மாறினோம். பேசிய தொகையில் முதல் மனு அன்று பாதி, ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை ஆஜராகும்போது மீதி, இரண்டும் டிடி. நகை பற்றித்தான் ரொம்ப நாள் இழுத்தது, என் அம்மா அது சீதனம் இல்லை என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

*

மொத்தமாக வாங்குங்கள், முடிந்தால். எங்கள் அம்மா 1999-ல் மாதம் 1,500 ரூபாய்க்குச் சம்மதித்தார், ஆண்டுக்கு இவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஒரு வரி உத்தரவில் இல்லை. அப்பா நாலு மாதம் கொடுப்பார், ஆறு மாதம் நிறுத்துவார், உத்தரவுப்படி பணத்தை வசூலித்துத் தரச் சொல்லி நாங்கள் நிறைவேற்று மனு போட்டுக்கொண்டு அலைவோம், அம்மாவின் புடவைச் செலவை விட வக்கீல் குமாஸ்தாவுக்குக் கொடுத்தது அதிகம். 2025-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு மாதம் 50,000, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு என்று உத்தரவு போட்டதைப் படித்துவிட்டுத்தான் வக்கீலிடம் போனோம். சூழ்நிலை மாறினால் அதே 25-வது பிரிவில் தொகையைக் கூட்டக் கேட்கலாமாம். மனு போட்டிருக்கிறோம், அடுத்த மாதம் வாய்தா. முதலில் எழுதிய அக்கா, அந்த நோட்டு இன்னும் எழுதுகிறீர்களா?

*

எழுதுகிறேன் தம்பி. இப்போது பால் அரை லிட்டர்தான்.