பிரின்ஸ் வளையமாக்கலில் இஇ (ஒரு கைரல் வடிவம் அதன் ஆடி பிம்பத்தைவிட மிகுந்திருக்கும் அளவு) விழுந்துவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஆல்கஹாலையும் ஆல்டிஹைடையும் அமிலத்தில் சேர்த்து வளையமாக்கும் பிரின்ஸ் வினையில், 2,6-சிஸ் டெட்ராஹைட்ரோபைரான் வளையம் (ஓர் ஆக்சிஜன் உள்ள ஆறணு வளையம், 2, 6ஆம் இடத்துத் தொகுதிகள் ஒரே பக்கம்) ஒன்று வேண்டும். அனிசால்டிஹைடை அல்லைல் ஏற்றம் செய்து கிடைத்த ஹோமோஅல்லைலிக் ஆல்கஹாலோடு ஹைட்ரோசின்னமால்டிஹைடைச் சேர்த்து, டைகுளோரோமீத்தேனில் ட்ரைபுளூரோஅசிட்டிக் அமிலம் விட்டு, அப்புறம் பொட்டாசியம் கார்பனேட், மெத்தனால் போட்டு 4-ஹைட்ராக்சி சேர்மமாக எடுக்கிறேன். என்எம்ஆர் அழகாக இருக்கிறது, 2ஆம், 6ஆம் இடத்து ஹைட்ரஜன்களுக்கிடையே என்ஓஇ (அவை அருகருகே இருப்பதைக் காட்டும் குறி) தெளிவாகத் தெரிகிறது, சிஸ்தான், அதில் சந்தேகமில்லை.

சிக்கல் கைரல் எச்பிஎல்சியில் (இரண்டு ஆடி பிம்ப வடிவங்களையும் பிரித்துக் காட்டும் சோதனை). ஆல்கஹாலாக இருந்தபோது 94% இஇ, வளையமானதும் இரண்டு பீக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரம்! அனிசால்டிஹைடின் மெத்தாக்சி பென்சீன் பக்கத்திலேயே இருப்பதால் ஆக்சோனியா-கோப் (வளையமாகும் முன் இடைநிலை அயனியில் பிணைப்புகள் இடம் மாறுவது) நடந்து கைரல் மையம் கலைகிறது என்று நினைக்கிறேன். டிஎல்சியில் (மெல்லடுக்கு நிறப்பகுப்பில்) மேலே வரும் ஒரு புள்ளி, இரண்டு பக்கமும் ஒரே தொகுதி ஒட்டிய சமச்சீர் வளையமாக இருந்தது, அதுவும் இதற்குச் சாட்சி.

இதைத் தவிர்க்க, வேதியியலாளர் ரிச்னோவ்ஸ்கியின் முறையில் ஆல்பா-அசிடாக்சி ஈத்தர் செய்து டின் டெட்ராபுரோமைடு போட்டவர்கள் இருக்கிறீர்களா? 4ஆம் இடத்தில் புரோமின் வரும், பரவாயில்லை. இல்லை, துண்டுகளை மாற்றிப்போட்டு, கைரல் ஆல்கஹாலை ஹைட்ரோசின்னமால்டிஹைடிலிருந்து செய்து அனிசால்டிஹைடைக் கடைசியில் கொண்டுவரலாமா? பென்சைலிக் (பென்சீனை ஒட்டிய கார்பனின்) பிணைப்பு அமிலத்தில் திறந்துகொள்ளுமோ என்றுதான் பயம். கையில் 300 மில்லிகிராம்தான் மிச்சம், செய்து பார்த்தவர்கள் வெப்பநிலையோடு சொன்னால் பெரிய உதவி.