பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியைக் காயலான் கடையில் போடலாமா?

செந்தாமரை:
2006ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் மட்டுமே ஒன்றரைக் கோடிக்கும் அதிகம். பழுதானவற்றில் பல நேராகக் காயலான் கடைக்குத்தான் போகின்றன. அங்கே பின்மூடியைக் கழற்றி, டியூபின் கழுத்தைத் தட்டி உடைத்து, அதைச் சுற்றியுள்ள செம்புச் சுருளை உருவிக்கொண்டு, விலைபோகாத கண்ணாடியை ஏரிக்கரையில் கொட்டிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியின் புனல் போன்ற பின்பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, நச்சுத்தன்மை கொண்ட ஈய ஆக்சைடு இருக்கிறது. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் மட்டுமே இதைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முத்துவேல்:
'மட்டுமே' என்பதை என்னால் ஏற்க இயலாது. அந்த நிறுவனங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதில்லை. வாசலுக்கு வந்து காசு கொடுத்து எடுத்துச் செல்பவர் பழைய சாமான் வண்டிக்காரர் ஒருவரே. 2016ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் சேகரிப்பு மையங்களுக்கு இருந்த தனி இடமும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளில் இல்லை. மேலும், வேலை செய்யும் பாகங்களைப் பிரித்துப் பழுதுபார்ப்போருக்கு விற்பவரும் அவர்தான். அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது நியாயமன்று.

செந்தாமரை:
அவரை நான் குறை கூறவில்லை, ஐயா. செம்புக்காக ஒயரின் பிவிசி உறையை எரிக்கும்போது எழும், டயாக்சின் என்னும் நச்சு கலந்த புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அவரும் அவர் வீட்டுக் குழந்தைகளும்தான். பாகங்களை மீண்டும் பயன்படுத்துவதை நானும் வரவேற்கிறேன். ஆனால் டியூபின் நிலை வேறு: முன்பெல்லாம் பழைய கண்ணாடியை உருக்கிப் புதிய டியூப் செய்தார்கள், இன்று அந்த டியூபுக்கே சந்தை இல்லாததால், ஈயத்தைப் பிரித்தெடுக்கும் உலை போன்ற மிகச் சில இடங்களில்தான் அதைக் கையாள முடியும்.

நாச்சியார்:
குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே கதைதான். கம்ப்ரசருக்காகக் குழாயை வெட்டியவுடன் உள்ளிருக்கும் குளிர்விப்பு வாயு முழுவதும் காற்றில் கலந்துவிடுகிறது.

முத்துவேல்:
சரி, பதிவுபெற்ற நிறுவனம் டியூபின் கண்ணாடியை முறையாகக் கையாளும் என்பதற்கு என்ன உறுதி? அந்த நிறுவனங்கள் உற்பத்தியாளர்களிடம் விற்றுக் காசாக்கும் மறுசுழற்சிச் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றைக் கணக்கிட்டே தரப்படுகின்றன. ஈயக் கண்ணாடியால் அவர்களுக்கும் வருமானம் இல்லை.

செந்தாமரை:
உண்மை, அந்தக் கண்ணாடிக்கும் ஒரு மதிப்பை விதிகளில் சேர்க்க வேண்டும் என்று நாம் சேர்ந்தே கேட்கலாம். எனினும் நிறுவனத்தின் மீது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடவடிக்கை எடுக்க முடியும். ஏரிக்கரையில் கொட்டியவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

முத்துவேல்:
அப்படியானால் வண்டிக்காரரிடமிருந்து உடைக்காத பெட்டியை நல்ல விலைக்கு வாங்கும் பொறுப்பையும் அந்த நிறுவனங்கள் மீதே சுமத்துங்கள். உடைப்பதைவிட உடைக்காமல் விற்பதில் கூடுதல் காசு கிடைத்தால் அவர் ஏன் சுத்தியலை எடுக்கப் போகிறார்?