மறு: ஹை சைட், லோ சைட், பக்கிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

> ஹை சைட்: உயர்நிலையம். லோ சைட்: தாழ்நிலையம். பக்கிங்: உயர்தாழ் மோதல்.

ஐயா, வணக்கம்.

நுண்ணலை இணைப்பின் (இரு டிஷ்களுக்கு இடையிலான கம்பியில்லாத் தொடர்பு) ஒரு முனைக்கு 'உயர்நிலையம்' என்ற பெயர் வேண்டாம் என்பேன். சிங்கப்பூரில் 'உயர்நிலை' என்றாலே பள்ளிதான் நினைவுக்கு வரும். அதையாவது பழகிக்கொள்ளலாம். ஆனால் டிஷ் பொருத்தப் போகிறவர் இதை இடத்தின் உயரம் என்று எடுத்துக்கொள்வார். புக்கிட் தீமா குன்றின் உச்சியில் இருப்பது லோ சைட்டாகவும், துவாஸில் இரண்டு மாடிக் கூரையில் இருப்பது ஹை சைட்டாகவும் இருக்கலாம்.

உரிமம் பெற்ற நுண்ணலை இணைப்பில் போக ஓர் அதிர்வெண், வர ஓர் அதிர்வெண். கீழ் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் (5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ்) முதல் இணை 5945.20, 6197.24. இடைவெளி 252.04. அந்த அதிர்வெண் ஒழுங்கில் உள்ள எட்டு இணைக்கும் இதே இடைவெளிதான். பட்டையின் மேற்பாதியில் அனுப்பும் இடம் ஹை, கீழ்ப்பாதியில் அனுப்பும் இடம் லோ. அவ்வளவுதான் பொருள்.

வெளிப்புற ரேடியோவுக்குள் இருக்கும் டிப்ளெக்சர் (அனுப்பும் அலையையும் கேட்கும் அலையையும் பிரிக்கும் வடிகட்டி), எந்தப் பாதியில் அனுப்புவது என்பதை ஆலையிலேயே முடிவுசெய்துவிடுகிறது. பெரும்பாலான கருவிகளில் மென்பொருளால் அதை மாற்ற முடியாது. கொள்முதல் பட்டியலில் இரண்டு முனைக்கும் 'ஹை' என்று போய்விட்டால் இணைப்பு எழவே எழாது. உதிரிக் கருவியும் ஒன்று போதாது. பாதிக்கு ஒன்று வேண்டும். ஆகவே சொல்லிலேயே 'பாதி' இருக்கட்டும்: மேற்பாதி நிலையம், கீழ்ப்பாதி நிலையம்.

'மோதல்' என்ற சொல்லைக் கணினி வலையமைப்புக்காரர்கள் ஏற்கெனவே வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். பக்கிங் என்பது, ஒரே கூரையில், ஒரே பட்டையில், ஒரு டிஷ் மேற்பாதியிலும் அடுத்தது கீழ்ப்பாதியிலும் அனுப்புவது. அனுப்புவது +25 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட திறன் அளவு) என்றால் கேட்பது -45 டிபிஎம் அளவில் இருக்கும்: 70 டெசிபெல் வித்தியாசம். பக்கத்து டிஷ் அனுப்பும் அலை நாம் கேட்கும் பாதிக்குள்ளேயே விழுவதால் டிப்ளெக்சர் அதைத் தடுக்காது. கருவியை ஏற்றும் முன்பே, திட்டத் தாளிலேயே இருக்கும் பிழை இது. 'பாதிமுரண்' என்று வைக்கலாமா?

> 'பாதிமுரண்' என்று வைக்கலாமா?

தம்பி, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சரி. 'பாதிமுரண்' அரைகுறை முரண் என்று படிக்கப்படும். 'பாதிப்பிணக்கு'? மூன்று நிலைய வளையத்தில் இதைத் தவிர்க்கவே முடியாதாமே. அதற்கும் ஒரு சொல் தேவை.

> 'பாதிப்பிணக்கு'?

ஐயா, வேகமாகப் படித்தால் கண் 'பாதிப்பு' என்ற இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் ஐயம் நியாயமானது. 'இருபாதி முரண்' என்றால் அது தீரும்.

வளையம் பற்றி: ஜூரோங் மேற்பாதி என்றால் உட்லண்ட்ஸ் கீழ்ப்பாதி. மூன்றாவதாகச் சாங்கியை எதுவாக வைத்தாலும் ஒரு பக்கம் முரணும். நான்கு நிலைய வளையத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஐந்தில் மீண்டும் வரும். 'ஒற்றை வளையம்' என்று சுருக்கினால் ஒரே வளையம் என்றாகிவிடும். 'ஒற்றைப்படை வளையம்' என்றே நீட்டிச் சொல்வோம்.

தீர்வு, வளையத்தின் ஒரு கையை, அதாவது ஓர் இணைப்பை, வேறு பட்டைக்கு மாற்றுவது. எந்தக் கை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஐடியூவின் (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பழைய மழை மண்டல அட்டவணையில் சிங்கப்பூர் 'பி' (P) மண்டலம்: ஆண்டில் 0.01 விழுக்காடு நேரம், அதாவது ஏறத்தாழ 53 நிமிடம், மணிக்கு 145 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. அந்த மழையில் 18 கிகாஹெர்ட்ஸ் அலை செங்குத்து முனைவாக்கத்தில் (அலை மேலும் கீழுமாக அதிரும்போது) கிலோமீட்டருக்கு 11 டெசிபெல், கிடைமட்டத்தில் 15 இழக்கும். 6 கிகாஹெர்ட்ஸில் ஒன்று முதல் இரண்டுதான். மழைத்திரள் பாதை முழுவதையும் மூடுவதில்லை என்று கழித்தாலும் 20 கிலோமீட்டரை 18இல் தாண்ட முடியாது. ஆகவே மிகக் குட்டையான கைதான் 18க்குப் போக வேண்டும், அதுவும் செங்குத்தாக. அந்தக் கையும் நீளம் என்றால் 11 கிகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். திட்டத் தாளில் நிலையப் பெயருக்கு அருகே எச், எல் என்று எழுதும் இடத்தில் 'மே', 'கீ' என்று எழுதலாம். ஒரே நிலையத்துக்கு ஒரே பட்டையில் இரண்டும் விழுந்திருந்தால், வாங்கும் முன்பே கண்ணில் படும்.