குக்கர் துப்புது, அணைச்ச பல்பு மினுக்குது, குழாய் சொட்டுது: தினசரி சின்ன எரிச்சல்களுக்கு வழி சொல்லுங்க

மூணாவது மாடி கேட்டது:

தலைபோற பிரச்சினை எதுவும் இல்லை. தண்ணி வருது, கரண்ட் இருக்கு. ஆனா செருப்புக்குள்ள கிடக்கிற சின்னக் கல்லு மாதிரி சில விஷயங்கள் தினமும் அதே இடத்துல உறுத்துது. வரிசையா கொட்டிடறேன்.

5 லிட்டர் அலுமினிய குக்கர், வெளிமூடி. துவரம்பருப்பு வெச்சா முதல் விசிலுக்கே மஞ்சத்தண்ணி அடுப்பு, மேடை, சுவர் டைல்ஸ்னு எல்லா இடத்துலயும் தெறிக்குது. தண்ணியக் குறைச்சும் நிக்கல. சுவத்துல அது காஞ்சுட்டா சுரண்டித்தான் எடுக்கணும்.

ஹால்ல 9 வாட்ஸ் எல்இடி பல்பு. சுவிட்சை அணைச்ச பிறகும் இருட்டுல மினுக் மினுக்னு எரியுது. பல்பு மாத்தியாச்சு, புதுசும் அதையே பண்ணுது. படுக்கையறை ஃபேன் 2-லயும் 3-லயும் வெச்சா உர்ர்னு ஒரு சத்தம், 5-ல வெச்சா சத்தமே இல்லை. சிங்க் குழாய் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுது. ஐப்பசி பொறந்தா பாத்ரூம் கதவு நிலையில மாட்டிக்குது. உப்பு ஜாடியில உப்பு தண்ணி விடுது.

ஆள் கூப்பிடணுமா, நாமளே பாத்துக்கலாமா? எது எதுக்கு என்ன காரணம்னு தெரிஞ்சா போதும்.

பருப்புசாதம்:

குக்கரை முதல்ல பாத்துடலாம். மத்ததெல்லாம் எரிச்சல், இது எரிச்சலோட கொஞ்சம் ஆபத்தும் கூட.

துப்புறதுக்குக் காரணம் நுரை. பருப்புல இருக்கிற புரதமும் மாவும் கொதிக்கும்போது நுரைச்சு மூடி வரைக்கும் ஏறுது. ஆவி மட்டும் போக வேண்டிய துவாரத்துல நுரையும் புகுந்தா, வெயிட்டுக்கு அடியில அதுதான் தெறிக்கும். தண்ணியக் குறைச்சீங்கன்னா நுரை நிக்காது, பருப்பு அடிப்பிடிக்கிறதுதான் மிச்சம்.

பருப்பை மூணு நாலு தரம் கழுவுங்க, கழுவுற தண்ணி கிட்டத்தட்ட தெளியுற வரைக்கும். 20 நிமிஷம் ஊறினா நல்லது. ஒரு டம்ளர் பருப்புக்கு இரண்டரையிலிருந்து மூணு டம்ளர் தண்ணி. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், இல்ல ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்க. நுரை மேலே எழும்பாம எண்ணெய் உடைச்சிடும். புளி, தக்காளி எல்லாம் பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு சேர்ந்தா பருப்பு வேக நேரமாகும், அப்புறம் கூடுதலா ரெண்டு விசில் விடணும், அதுலயும் தெறிக்கும். பருப்பும் தண்ணியும் சேர்ந்து குக்கர்ல பாதியைத் தாண்டவே கூடாது.

வெளிமூடி குக்கர்ல ஒரு வசதி இருக்கு: வெயிட்டைக் கடைசியாத்தான் போடணும். மூடியைப் போட்டு, துவாரத்துல ஆவி நேரா சீராக வர வரைக்கும் பொறுங்க. ஆவியோட மஞ்சள் நுரை எட்டிப் பாத்தா தீயைக் குறைங்க, நுரை இறங்கி வெறும் ஆவி வந்ததும் வெயிட் போடுங்க. முதல் விசில் வந்த உடனே சிம்முக்கு வந்துடணும். உள்ளே சுமார் 120 டிகிரி சூடு நிக்கிறதுக்கு சின்ன தீயே போதும், பெரிய தீ நுரையைத்தான் கூட்டும். விசிலை எண்ணாதீங்க, நேரத்தைப் பாருங்க: ஊறின பருப்புக்கு சிம்முல 8லிருந்து 10 நிமிஷம்.

இதைவிட சுத்தமான வழி, உள்பாத்திரம். அடியில ரெண்டு டம்ளர் தண்ணி, அதுல தட்டு, மேலே பருப்புப் பாத்திரம் பாதிக்குள்ள நிரப்பி ஒரு சின்னத் தட்டால மூடினது. நுரை பொங்கினாலும் அந்தப் பாத்திரத்தோட நின்னுடும்.

ஒவ்வொரு தரமும் மூடியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கி துவாரம் வழியா பாருங்க. வட்டமா வெளிச்சம் தெரியணும். ஒரு பருப்புத்தோல் ஒட்டியிருந்தாலும் ஊக்கால குத்தி எடுங்க. அது அடைச்சுட்டா ஆவிக்கு வழி இல்லாம சேஃப்டி வால்வு போயிடும். வால்வு மாத்தும்போது குக்கர் என்ன கம்பெனியோ அதே கம்பெனி வால்வுதான் வாங்கணும். பருப்பு வெச்ச குக்கர்ல வெயிட்டை உடனே தூக்காதீங்க. பிரஷர் தானா இறங்கட்டும். அவசரமா தூக்கினா உள்ளே நிக்கிற நுரை மொத்தமும் அந்த ஒரு துவாரம் வழியா பீய்ச்சி அடிக்கும்.

ஒயரிங் மணி:

எல்இடி விஷயத்துக்கு வரேன். பல்பு மேல தப்பில்லை, இன்னொண்ணு வாங்கிக் காசை வீணாக்காதீங்க. பழைய குண்டு பல்பு எரிய நிறைய கரண்ட் வேணும். எல்இடிக்கு துளி போதும். சுவிட்ச் அணைச்ச பிறகும் எங்கிருந்தோ ஒரு துளி உள்ளே கசியுது. பல்புக்குள்ள இருக்கிற கண்டென்சர் அதைச் சேர்த்து வெச்சு, நிரம்பினதும் ஒரு தரம் பளிச்னு விடும். அதான் மினுக்குது.

கசிவு மூணு வழியா வரும். சுவிட்சுல சின்ன சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருக்கா? அது எரியறதே பல்பு வழியா போற கரண்ட்டுலதான். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டா முடிஞ்சது. மாடிப்படி மாதிரி ரெண்டு இடத்துல சுவிட்ச் இருந்து, ஒயர் ஒரே பைப்புல வெகுதூரம் பக்கத்துலயே ஓடினா, பக்கத்து ஒயரிலிருந்து தூண்டலா கொஞ்சம் வரும். இதுக்கு எலெக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி பல்புக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை கண்டென்சர் போடச் சொல்லுங்க. ஃபேன் கண்டென்சரையோ வேற எதையாவதோ மாட்ட விடாதீங்க.

மூணாவதுதான் முக்கியம்: சுவிட்ச் ஃபேஸ்ல (கரண்ட் வர்ற ஒயர்) இல்லாம நியூட்ரல்ல (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) மாட்டியிருக்கறது. இப்படி இருந்தா சுவிட்ச் அணைச்சாலும் ஹோல்டர்ல 230 வோல்ட் நிக்கும். பல்பு மாத்தப் போறவங்க கை பட்டா ஷாக்தான். கண்டுபிடிக்கிறது சுலபம். சுவிட்சை அணைச்சு, பல்பைக் கழட்டி, காஞ்ச மர ஸ்டூல்ல நின்னு, ஹோல்டரோட ரெண்டு பின்னையும் டெஸ்டரால தொடுங்க. ரெண்டுலயும் எரியலன்னா சுவிட்ச் சரியான இடத்துல இருக்கு. ஒண்ணுல நல்லா பிரகாசமா எரிஞ்சா நியூட்ரல்ல இருக்கு. மங்கலா எரிஞ்சா அது தூண்டல், இல்ல இண்டிகேட்டர் வழியா வர்ற கசிவு. டெஸ்டர் பிடிச்சுப் பழக்கம் இல்லன்னா இதையும் எலெக்ட்ரீஷியன்கிட்டயே விடுங்க. ஒயர் மாத்தறது கண்டிப்பா அவர் வேலை, மெயினை அணைச்சுட்டுத்தான்.

ஃபேன் சத்தம் ரெகுலேட்டரால. நீங்க வெச்சிருக்கறது அநேகமா படி இல்லாம வழுக்கிக்கிட்டே திரும்பற எலெக்ட்ரானிக் வகை. அது கரண்ட் அலையை நடுவுல வெட்டி வேகத்தைக் குறைக்குது. வெட்டுப்பட்ட அலை காயிலை அதிர வைக்கும், அந்த அதிர்வுதான் உர்ர். 5-ல வெட்டு இல்லை, அதனால சத்தமும் இல்லை. கண்டென்சர் வெச்ச ஸ்டெப் ரெகுலேட்டர், டக் டக்னு படிபடியா திரும்புறது, வாங்கி மாட்டினா போயிடும். சுவிட்ச் பெட்டியில அதே துவாரத்துக்குப் பொருந்துற அளவா பாத்து வாங்குங்க. பிஎல்டிசி ஃபேனா (உள்ளேயே எலெக்ட்ரானிக் சர்க்யூட் வெச்ச, கரண்ட் கம்மியா எடுக்கற வகை) இருந்தா ரெகுலேட்டரே கூடாது, அதைக் கழட்டிட்டு நேரடியா சுவிட்சுல குடுக்கணும்.

அரை இஞ்சு:

மூணாவது மாடி, குழாயை இறுக்கறதை இன்னைக்கே நிறுத்துங்க. சொட்டுறதைப் பெருசாக்கறது அந்த இறுக்கம்தான். பல சுத்து சுத்தி மூடற பழைய வகைன்னா உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். இறுக்க இறுக்க அதுல வட்டமா பள்ளம் விழும், அந்தப் பள்ளம் வழியா தண்ணி வரும், இன்னும் இறுக்குவோம், பள்ளம் ஆழமாகும்.

சிங்குக்கு அடியில ஆங்கிள் காக்கை (குழாய்க்குப் போற தண்ணியை நிறுத்தற சின்ன வால்வு) மூடுங்க. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை விடுங்க. சிங்க் ஓட்டையில ஒரு துணியைச் சொருகுங்க, ஸ்க்ரூ உள்ளே விழுந்தா அது தனி வேலை. கைப்பிடி மேல இருக்கிற மூடியை நெம்பி எடுத்து, ஸ்க்ரூவைக் கழட்டி, ஸ்பிண்டிலை (கைப்பிடியோட சேர்ந்து சுத்தற உள்பாகம்) ஸ்பானரால இடப்பக்கமா திருப்பி எடுங்க. பளபளப்பு கீறாம இருக்க ஸ்பானருக்கு நடுவுல துணி வைங்க. அடியில இருக்கிற வாஷரைக் கையோட ஹார்டுவேர் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அரை இஞ்சுன்னு வாயால சொன்னா கனம் மாறிடும். புது வாஷர் போடறதுக்கு முன்னாடி அது உக்கார்ற பித்தளை விளிம்பை விரலால தடவிப் பாருங்க. சொரசொரன்னு அரிச்சிருந்தா எத்தனை வாஷர் போட்டாலும் சில வாரம்தான், குழாயையே மாத்திடுங்க.

கால் சுத்துல திறக்கற வகைன்னா உள்ளே பீங்கான் தட்டு. போர் தண்ணி உப்பு அதுக்கு நடுவுல படிஞ்சா முழுசா மூடாது. கழட்டி வினிகர்ல அரைமணி ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. தட்டுல கீறல் இருந்தா ஸ்பிண்டிலையே மாத்தணும். அதோட தலையில இருக்கிற பல் எண்ணிக்கை கைப்பிடிக்குப் பொருந்தணும், அதனால பழசைக் காட்டித்தான் வாங்கணும்.

டெஃப்லான் டேப் சுத்துங்கன்னு யாராவது சொல்வாங்க. அது சுவத்துல குழாய் சேர்ற மரையில கசிஞ்சா மட்டும்தான். மூக்குல சொட்டுறதுக்கும் டேப்புக்கும் சம்பந்தமே இல்லை.

மூணாவது மாடி:

வெளிச்சத்துல பாத்தேன், குக்கர் துவாரம் பாதி அடைச்சிருக்கு. சுவிட்சுல சிவப்பு இண்டிகேட்டரும் இருக்கு. குழாய்க்குக் கீழ டம்ளர் வெச்சேன், ஒரு மணி நேரத்துல 200 மில்லி. கதவும் உப்பும் மீதி. குக்கர்ல மூடி ஓரமாவும் ஆவி வருது, கேஸ்கட்டை ஃப்ரீசர்ல வைக்கலாமா?

அரை இஞ்சு:

200 மில்லின்னா ஒரு நாளைக்கு 4.8 லிட்டர், மாசம் 144 லிட்டர். சுமார் பத்துக் குடம். தண்ணி லாரிக்கு நிக்கிற ஊருல இது சின்ன விஷயமே இல்லை, இந்த வாரமே மாத்திடுங்க.

உளிச்சத்தம்:

கதவுக்கு உடனே இழைப்புளி எடுக்காதீங்க. ஈரத்துல மரம் அகலவாக்குல உப்பும், நீளவாக்குல அவ்வளவா உப்பாது. மழைக்காலத்துல சீவிட்டா தை பொறந்ததும் இடைவெளி விழுந்து கதவு ஆடும்.

முதல்ல கீலைப் பாருங்க. மேல் கீல் ஸ்க்ரூ தளர்ந்திருந்தா கதவு தொங்கி, பூட்டுப் பக்கம் மேல் மூலை நிலையில இடிக்கும். நிறைய கதவுகளுக்கு இதுதான் விஷயம். ஓட்டை பெருசாகியிருந்தா ரெண்டு மூணு தீக்குச்சியை மருந்தைக் கிள்ளிட்டு ஃபெவிகால்ல தோச்சு உள்ளே சொருகி, ஒரு ராத்திரி காயவிட்டு ஸ்க்ரூவைத் திருப்புங்க. அதுக்கப்புறமும் உரசினா, நிலை ஓரத்துல சாக்பீஸ் தடவி கதவைச் சாத்தித் திறங்க. கதவுல வெள்ளை ஒட்டின இடம்தான் உரசற இடம். அங்க மட்டும் மெழுகுவத்தி தேச்சா மழை முடியற வரைக்கும் ஓட்டலாம்.

நிரந்தரமா சரியாக, மாசி பங்குனியில மரம் நல்லா காஞ்சதும் கதவைக் கழட்டி மேல் விளிம்பு, அடி விளிம்பு ரெண்டுக்கும் ரெண்டு கோட் பெயிண்ட் அடிங்க. யார் கண்ணுக்கும் படாத இடம்னு பெயிண்டர் அதை விட்டிருப்பார். தண்ணி ஏறுறதே அந்த வெட்டுப் பக்கம் வழியாத்தான். ஃப்ளஷ் டோரா (ரெண்டு பக்கமும் பிளை ஒட்டின தட்டைக் கதவு) இருந்து அடியில பிளை பிரிஞ்சிருந்தா அது திரும்பச் சேராது, பாத்ரூமுக்கு பிவிசி கதவுக்குப் போயிடுங்க.

பருப்புசாதம்:

கேஸ்கட்டை ஃப்ரீசர்ல வெச்சா ஒரு வேளைச் சமையலுக்கு இறுகும், அவ்வளவுதான். வளைச்சுப் பாருங்க, விறைப்பா இருந்தாலோ உள்பக்கம் வெடிப்பு தெரிஞ்சாலோ புதுசு வாங்குங்க. கழுவின பிறகு மூடியை இறுக்கிப் பூட்டி வைக்காதீங்க, கேஸ்கட் நசுங்கியே நின்னுடும்.

உப்பு: காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சுத்தமான உப்பே தண்ணியை இழுக்கும். கல்லுப்புல கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும், அது அதுக்கு ரொம்ப முன்னாடியே இழுக்க ஆரம்பிச்சிடும். ஜாடியை அடுப்புப் பக்கத்துல வெச்சிருந்தா ஆவியும் சேர்ந்துக்கும், அங்கிருந்து நகர்த்துங்க. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஜாடியில போட்டு, மிச்சத்தை மூடி இறுக்கமா உள்ள டப்பாவுல வைங்க. ஈரக்கையோட எடுக்கக் கூடாது, மரக்கரண்டி போட்டுக்குங்க. நீர் விட்ட கல்லுப்பை வெறும் வாணலியில சின்னத் தீயில ரெண்டு நிமிஷம் புரட்டி, நல்லா ஆறினதும் ஜாடியில கொட்டுங்க. சூட்டோட கொட்டினா மூடி உள்பக்கம் வேர்த்து மறுபடியும் நனைஞ்சிடும்.