ஆன் பண்ணி ஏழெட்டு நிமிஷம் ஆகிறது: 2017 கம்ப்யூட்டர், ஃபார்மட் தவிர வேறு வழி உண்டா?

செம்பூர்_டீச்சர் · திங்கள், இரவு 9.40

வணக்கம். வீட்டில் இருப்பது 2017-இல் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர். ஐ3 ஏழாம் தலைமுறை ப்ராசசர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆறு மாசம் முன்புவரை ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடும். இப்போது பட்டனை அமுக்கினால் ஏழெட்டு நிமிஷம். டெஸ்க்டாப் வந்த பிறகும் எதைத் தொட்டாலும் நீல வட்டம் சுற்றுகிறது.

ஞாயிறு காலை எங்கள் பில்டிங் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மும்பை செம்பூரில் எங்கள் சங்கத்து ஆண்டு மலரைத் தட்டச்சு செய்வதும் இதில்தான். கடைக்காரர், "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, அதான் ஸ்லோ. புதுசு வாங்கிடுங்க" என்கிறார். ஹைதராபாத்தில் இருக்கும் மகன், "ஃபார்மட் அடிச்சிரும்மா" என்கிறான். 2009-லிருந்து வந்த மலர்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. கை வைக்கப் பயமாக இருக்கிறது.

டோம்பிவிலி_ஸ்லோ_லோக்கல் · இரவு 9.58

அக்கா, முதல்ல ஸ்டார்ட்அப் பாருங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். கீழே 'மோர் டீட்டெயில்ஸ்', அப்புறம் மேலே 'ஸ்டார்ட்அப்'. இருக்கறது எல்லாத்தையும் டிசேபிள் பண்ணுங்க. எங்க அப்பா மெஷின்ல பதினேழு ஐட்டம் இருந்துச்சு, அதுல மூணு பிரிண்டருக்கு. வீட்ல பிரிண்டரே இல்ல.

கட்டிங்_சாய் · இரவு 10.15

ரெஜிஸ்ட்ரி க்ளீனர் ஒண்ணு போடுங்க. கையோட டிஃப்ராக், சிதறிக் கிடக்கற ஃபைலை அடுக்கி வைக்கும். கடைசியா கமாண்ட் ப்ராம்ப்ட்ல டிஸ்க்கைச் சோதிச்சுச் சரி பண்ற 'செக்டிஸ்க்' ஆர் போட்டு ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க. காலைல ராக்கெட்.

மதர்போர்டு_மாமா · இரவு 10.31

சாய், கொஞ்சம் பொறு. டீச்சரம்மா, அந்த மூணுல எதையும் இன்னிக்கு ராத்திரி செய்யாதீங்க. காரணம் அப்புறம் சொல்றேன்.

ஏழெட்டு நிமிஷம்னு மொத்தமா சொன்னா ஒண்ணும் பிடிபடாது. கைபேசில ஸ்டாப்வாட்சை வச்சு மூணா பிரிச்சு அளந்து சொல்லுங்க. பட்டன்லேருந்து விண்டோஸ் சின்னம் வர்ற வரைக்கும் ஒண்ணு. சின்னத்துலேருந்து டெஸ்க்டாப் வரைக்கும் ரெண்டு. டெஸ்க்டாப் வந்து, ஒரு ஃபோல்டர் நிஜமாத் திறக்கிற வரைக்கும் மூணு. முதல் துண்டு மதர்போர்டோட வேலை, அங்க விண்டோஸைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. நடுத்துண்டு டிஸ்க்கும் டிரைவரும். தம்பி சொன்ன ஸ்டார்ட்அப் சமாசாரம் பெரும்பாலும் மூணாவது துண்டுலதான் தெரியும்.

இன்னொரு கேள்வி. ஷட் டவுன் கொடுத்ததும் சுவத்து ஸ்விட்சை அணைக்கிற பழக்கம் உண்டா?

செம்பூர்_டீச்சர் · செவ்வாய், காலை 7.20

கைபேசியிலிருந்து எழுதுகிறேன். டோம்பிவிலித் தம்பி சொன்னபடி எல்லாவற்றையும் டிசேபிள் செய்தேன். காலையில் மலரைத் திறந்து தட்டினால் வரிவரியாக ஆங்கிலம்! தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்.எச்.எம். ரைட்டரும் அந்தப் பட்டியலில்தான் இருந்திருக்கிறது.

அளந்தது: முதல் துண்டு 41 விநாடி. இரண்டாவது 3 நிமிஷம் 20 விநாடி. மூன்றாவது கிட்டத்தட்ட 4 நிமிஷம். இது டிசேபிள் செய்த பிறகு. முன்னே எவ்வளவு என்று அளக்கவில்லை, ஆனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சுவத்து ஸ்விட்ச்: ஆமாம், மானிட்டர் கறுப்பானதுமே அணைத்துவிடுவேன். கரண்ட் பில் பயம்.

டோம்பிவிலி_ஸ்லோ_லோக்கல் · காலை 7.34

ஐயோ அக்கா, மன்னிச்சுக்கோங்க! ரைட்டரை மட்டும் திரும்ப எனேபிள் பண்ணிடுங்க. ஆன்டிவைரஸையும்.

மதர்போர்டு_மாமா · காலை 8.05

ஸ்விட்ச் விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். விண்டோஸ் 8 காலத்துலேருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் கொடுத்தா முழுசா அணையாது. உள்மனசை ஒரு ஃபைலா டிஸ்க்ல எழுதி வச்சுட்டுத் தூங்கும், மறுநாள் அதைப் படிச்சு எழுந்துக்கும். மானிட்டர் கறுத்த பிறகும் இந்த எழுத்து வேலை ஓடிட்டிருக்கலாம். அந்த நேரத்துல கரண்டை வெட்டினா, பாதி எழுதின நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கின மாதிரி. கேபினெட் விளக்கு அணைஞ்ச பிறகு ஸ்விட்சைத் தொடுங்க. நாள் முழுக்க சுவத்துல அணைச்சே வச்சா மதர்போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரியும் சீக்கிரம் தீரும், தேதி பின்னால போகும். உங்க கடிகாரம் சரியா இருக்குன்னா இப்போதைக்கு அதை விட்டுடலாம்.

முதல் துண்டு 41 விநாடி அதிகம். பின்னால பென் டிரைவ் ஏதாவது நிரந்தரமாக் குத்தியிருக்கா? மதர்போர்டு முதல்ல அதுல விண்டோஸ் இருக்கான்னு தேடிட்டு, அப்புறம் டிஸ்க்குக்கு வரும். கழட்டிட்டு அளந்து பாருங்க.

மத்த ரெண்டு துண்டுக்கு டாஸ்க் மேனேஜர்ல 'பெர்ஃபார்மன்ஸ்' போய் டிஸ்க்கைத் தட்டுங்க. டெஸ்க்டாப் வந்த உடனே பார்க்கணும். மூணு எண் வேணும்: எத்தனை சதவீதம், நொடிக்கு எத்தனை எம்பி, 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' எவ்வளவு.

செம்பூர்_டீச்சர் · இரவு 8.50

பென் டிரைவ் இருந்தது, மாமா. போன தீபாவளிப் பாட்டு. கழற்றியதும் முதல் துண்டு 12 விநாடி ஆகிவிட்டது!

டிஸ்க் 100 சதவீதம். நொடிக்கு 0.4 எம்பிதான். ரெஸ்பான்ஸ் டைம் 2,400 மில்லிசெகண்ட்.

மதர்போர்டு_மாமா · இரவு 9.02

இதுக்குத்தான் நேத்து சாயைத் தடுத்தேன்.

100 சதவீதம் வேலை, ஆனா வேகம் அரை எம்பி கூட இல்ல. நிறையப் படிக்கிற டிஸ்க்கோட லட்சணம் இல்ல இது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுத் தோக்கிற டிஸ்க். நல்ல ஹார்ட் டிஸ்க்ல ரெஸ்பான்ஸ் பத்து இருபது மில்லிசெகண்டுல இருக்கும். நிமிஷத்துக்கு 7,200 சுத்து, அதாவது நொடிக்கு 120. ஒரு சுத்துக்கு எட்டு மில்லிசெகண்ட் சொச்சம். ஒரு செக்டர், அதாவது டிஸ்க்ல ஒரு சின்னத் துண்டு, தேஞ்சிருந்தா அடுத்த சுத்து, அதுக்கடுத்த சுத்துன்னு நொடிக்கணக்கா முயற்சி பண்ணும். அதுவரைக்கும் பின்னால நிக்கிற எல்லா வேலையும் க்யூவுல.

'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'ன்னு டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டற இலவச மென்பொருள், சின்னதுதான். போட்டு 05, சி5, சி6 மூணு வரியையும் சொல்லுங்க.

செம்பூர்_டீச்சர் · இரவு 9.41

மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்கிறது. 05-இல் எல்லாம் சைபர். சி5 வரிசையில் நிறைய சைபருக்குப் பிறகு 3ஏ. சி6-உம் 3ஏ. இது என்ன கணக்கு?

மதர்போர்டு_மாமா · இரவு 9.50

பதினாறின் அடுக்குல எழுதியிருக்கு. 3ஏன்னா மூணு பதினாறு நாற்பத்தெட்டு, ஏங்கிறது பத்து. ஆக 58. படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டர் 58.

இனிமே வேகத்தைப் பத்திப் பேச்சே வேண்டாம், ஃபைலைக் காப்பாத்தற பேச்சு மட்டும். செக்டிஸ்க் ஆர், டிஃப்ராக் ரெண்டும் டிஸ்க் முழுக்க மேய்ஞ்சு வேலை வாங்கும். நோயாளியை எழுப்பி மாரத்தான் ஓடச் சொல்ற கதை. செக்டிஸ்க் படிக்க முடியாத துண்டை ஒதுக்கி வச்சு ஃபைலை 'சரி' பண்ணும்போது, அதுக்குள்ள இருந்த மலர்ப் பக்கமும் சேர்ந்து போகலாம். இன்னிக்கே வெளி டிஸ்க் ஒண்ணுல மலர் ஃபோல்டரை முதல்ல, போட்டோவை ரெண்டாவதா எடுங்க. சினிமா, பாட்டு கடைசி. ஏதாவது ஒரு ஃபைல்ல நின்னா 'ஸ்கிப்' கொடுத்துட்டு நகருங்க, அதோட மல்லுக்கு நிக்காதீங்க.

கட்டிங்_சாய் · இரவு 10.03

சரி மாமா, ஒத்துக்கறேன். ஆனா என் மெஷின்ல செக்டிஸ்க் வேலை செஞ்சுது.

மாட்டுங்கா_எழுத்துரு · இரவு 10.20

டீச்சர், ஒன்றைப் பலரும் மறந்துவிடுவார்கள். பழைய மலர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவையா? அப்படியென்றால் டாக்குமென்ட் மட்டும் போதாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கும். அதிலிருக்கும் தமிழ் எழுத்துருக்களையும் நகலெடுங்கள். இல்லையென்றால் புது டிஸ்க்கில் திறக்கும்போது வாழ்த்துச் செய்தி முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நான் பட்டவன்.

டோம்பிவிலி_ஸ்லோ_லோக்கல் · புதன், காலை 9.10

பழைய டிஸ்க்குக்குப் பதிலா புது எஸ்.எஸ்.டி. (சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) லேமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகள்ல வாங்கலாம் அக்கா. செம்பூர்லேருந்து குர்லா, அங்கேருந்து தாதர் மாறி, வெஸ்டர்ன்ல ஸ்லோ லோக்கல் பிடிச்சு கிராண்ட் ரோட்ல இறங்குங்க. ஃபாஸ்ட் அங்க நிக்காது. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் இறங்கியிருக்கும். 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி.ன்னு கேளுங்க, 256 ஜிபி விண்டோஸுக்குப் போதும். ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காதீங்க. நடைபாதைல '2 டிபி, சீப்'னு நீட்டினா கண்டுக்காம நடங்க.

ராம் வாங்கறதா இருந்தா பழைய ஸ்டிக்கரைப் படம் எடுத்துட்டுப் போங்க. ஏழாம் தலைமுறை போர்டுல டிடிஆர்3எல்-உம் உண்டு, டிடிஆர்4-உம் உண்டு, ஒண்ணு மத்ததுல உட்காராது.

மதர்போர்டு_மாமா · காலை 9.45

பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் பண்ண ஆசைப்படாதீங்க. 58 இடத்துல தடுக்கி விழும், இல்லேன்னா ஓட்டையையும் சேர்த்துக் காப்பி அடிக்கும். எஸ்.எஸ்.டி.யில விண்டோஸ் புதுசாப் போட்டுடுங்க. லைசென்ஸ் மதர்போர்டோட கோத்திருந்தா, நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆயிடும்.

கடைக்காரர் சொன்னதுல பாதி நிஜம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. அதனால மெஷின் மெதுவாகாது, இலவசமா வந்துட்டிருந்த பாதுகாப்பு அப்டேட்தான் நிக்கும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா இன்டெல் எட்டாம் தலைமுறைலேருந்துதான், உங்களது ஒரு படி கீழே. பேங்க் வேலையைப் போன்ல வச்சுக்கோங்க, மலர் வேலைக்கு இது ஓடும்.

செம்பூர்_டீச்சர் · சனி, மாலை 6.30

வாங்கிப் போட்டாயிற்று. டோம்பிவிலித் தம்பியே வந்து மாட்டிக் கொடுத்தான், சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். ஈவென்ட் வியூவரில் 'டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' என்ற இடத்தில் 100 என்ற எண்ணுடன் இருக்கும் பதிவைக் காட்டினான். ஒவ்வொரு முறை எழ எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. பழைய டிஸ்க்கில் கடைசியாக 4,38,215. புதியதில் 34,600. ராம் இன்னும் அதே 4 ஜிபிதான், அடுத்த மாசம் பார்க்கலாம்.

மலர்கள் வந்துவிட்டன, எழுத்துருக்களும். 2013 மலரில் மட்டும் மூன்று ஃபைல் படிக்க வரவில்லை: சிறுவர் பக்கம், அஞ்சலிக் குறிப்பு, அட்டை. அச்சுப் பிரதியும் என்னிடம் இல்லை. சங்க அலமாரியில் தேடினேன், 2012-க்குப் பிறகு 2014 நிற்கிறது.

மாட்டுங்கா_எழுத்துரு · மாலை 7.05

செம்பூர்ச் சங்கத்து 2013 மலரா? பச்சை அட்டை, கோலம் போட்டது? என் அத்தை வீட்டில் முலுண்டில் இருக்கிறது. அந்தச் சிறுவர் பக்கத்தில் என் தம்பி வரைந்த மயில் இருக்கிறது என்பதற்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறு போய் ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். அட்டையில் காபிக் கறை இருக்கும், பரவாயில்லையா?

செம்பூர்_டீச்சர் · மாலை 7.09

கறையோடு அனுப்புங்கள்.