வீட்டைக் காலி செய்வதை ஸ்பானிய மொழியில் எப்படி எழுதுவது? (அவசரம்)

கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டைக் காலி செய்யப்போவதாக உரிமையாளருக்கு இன்றிரவே எழுதியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிச் செயலியில் போட்டால், ‘லீவ்’ என்பதற்கு ஒருமுறை ‘சலீர்’ என்றும் மறுமுறை ‘தெஹார்’ என்றும் வருகிறது; ‘நோட்டீஸ்’ என்பது ‘நொத்தீசியா’ ஆகிவிடுகிறது. எதை நம்புவது?

மத்ரித்வாசி:
செயலியை நம்பி நான் பட்ட பாடு கொஞ்சமன்று. வந்த புதிதில் ‘லெட்டர்’ என்றால் ‘லெத்ரா’ என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். வெளிநாட்டவர் எண்ணைப் பதிவு செய்துகொண்டிருந்த அலுவலர் “லெத்ரா?” என்றதும், கோப்பைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினேன். அவர் கேட்டதோ 7 இலக்கங்களுக்குப் பின் வரும் எழுத்தை. கடிதம் என்பது ‘கார்தா’. உணவகத்தில் அதே ‘கார்தா’ உணவுப் பட்டியலாகிவிடும்.

மொழி பயில்பவர்:
ஆங்கிலத்தை இடையில் நிறுத்துவதால்தான் இந்தத் தொல்லை. ‘டைம்’ என்பதை நாம் முன்பே நேரம், தடவை என்று பிரித்து வைத்திருக்கிறோம். அவை முறையே ‘தியெம்போ’, ‘பெஸ்’. தமிழிலிருந்தே நேராகப் போங்கள்.

மெக்சிகோவாசி:
தமிழும் காலை வாரும், ஐயா. ‘கேள்’ என்ற நம் ஒரே சொல்லுக்கு அங்கே வினவுவது ‘பிரெகுந்தார்’, வேண்டுவது ‘பெதீர்’. முதல் மாதம் முழுவதும் நான் காப்பி வேண்டாமல் காப்பியை வினவிக்கொண்டிருந்தேன். அது இருக்கட்டும், முன்பணத்துக்கு ‘தெபோசிதோ’ என்றே எழுதுங்கள்.

மத்ரித்வாசி:
ஸ்பெயினில் அது ‘ஃபியான்சா’. ‘தெபோசிதோ’ என்றால் இங்கே வண்டியின் பெட்ரோல் தொட்டியும்கூட.

மெக்சிகோவாசி:
இங்கே ‘ஃபியான்சா’ என்றால் பிணைப் பத்திரம். ஆங்கிலம் தெரிந்தால் எங்கும் பிழைக்கலாம் என்றார்களே, அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூத்த உறுப்பினர்:
கேட்டவருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ‘சலீர்’ என்பது வெளியே கிளம்புவது. அப்படி எழுதினால் கடைக்குப் போவதாகத்தான் படும். விட்டுச் செல்வது ‘தெஹார்’, ஆகவே ‘தெஹோ எல் பிசோ’ என்று எழுதுங்கள். ‘நொத்தீசியா’ என்பது செய்தி, முன்னறிவிப்புக்கு ‘பிரெஅவிசோ’. எந்த நாடு, எத்தனை மாதமாகக் குடியிருக்கிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லவேயில்லை. ஸ்பெயின் என்றால், நகர்ப்புறக் குத்தகைச் சட்டப்படி 6 மாதம் நிறைந்தபின், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புடன் விலகலாம்.

கேட்டவர்:
ஸ்பெயின்தான், ஐயா. வந்து 4 மாதம் ஆகிறது.

மூத்த உறுப்பினர்:
அப்படியானால் அந்தக் கடிதத்தை இன்றிரவு அனுப்ப வேண்டாம். ஒப்பந்தத்தில் முன்கூட்டியே விலகுவது பற்றி ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் அறிவிக்க முடியாது, உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்கத்தான் வேண்டும். அந்தக் ‘கேட்பது’ ‘பெதீர்’, ‘பிரெகுந்தார்’ அன்று.