சிறுநீரக நோயாளி காய்கறிகளை அடியோடு நிறுத்த வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மருமகள்

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் மாமனாருக்குச் சிறுநீரக நோய் நான்காம் நிலையில் இருப்பதாகவும், இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மேல் 5.6 mmol/L இருப்பதாகவும் கிளினிக்கில் கூறினார்கள். கீரையையும் கிழங்கையும் குறைக்கச் சொன்னதை அறிந்த அண்டை வீட்டார், காய்கறியே ஆகாது என்று அச்சுறுத்திவிட்டதால், அவர் இப்போது சோறு, ரசம், கருவாடு என்றே சாப்பிடுகிறார்; மலச்சிக்கலும் வந்துவிட்டது. எந்தக் காயை எப்படிச் சமைத்துக் கொடுக்கலாம்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தாதி

சகோதரி, முதலில் நிறுத்த வேண்டியது கருவாடு. ஒரு நாளைய மொத்த உப்பே ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ரசத்தையும் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம்; புளியிலும் தக்காளியிலும் உள்ள பொட்டாசியம் அந்த நீரில்தான் கரைந்திருக்கிறது. மலச்சிக்கலை இப்படியே விட்டுவிடக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தின் ஒரு பகுதி மலத்தின் வழியாகவே வெளியேறுவதால், நார்ச்சத்துள்ள காய்கறிகளை அறவே விலக்குவது அவருக்கு நன்மை செய்யாது.

முட்டைக்கோஸ், சுரைக்காய், புடலங்காய், வெள்ளரிக்காய் ஆகியவற்றை அளவாகக் கொடுக்கலாம். உருளைக்கிழங்கு போன்றவற்றை என்றேனும் கொடுப்பதானால், தோல் சீவி, மெல்லியதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்ட பிறகே தாளிக்க வேண்டும். வெறுமனே ஊறவைப்பதைவிட இவ்வாறு வேகவைப்பதே அதிகப் பொட்டாசியத்தை நீக்கும். ஆவியில் அவித்தால் அது காயிலேயே தங்கிவிடும். சாம்பாரில் நேரடியாகப் போட்டு வேகவைத்தால், காயிலிருந்து இறங்கியது குழம்போடு அவர் வயிற்றுக்கே போய்ச் சேரும். முருங்கைக்கீரையை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி 2: தாயாரைப் பராமரிப்பவர்

காய்கறியைப் பற்றி அஞ்சும் நம் மக்கள், வீட்டு வாசலிலேயே காய்க்கும் பெலிம்பிங் (நட்சத்திரப்) பழத்தைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. அதிலுள்ள நரம்பு நஞ்சைப் பழுதடைந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று தொடங்கி உயிரையும் பறித்துவிடலாம். ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். இளநீரும் மெங்குடு (நோனி)ச் சாறும் பொட்டாசியம் மிகுந்தவை. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பு வகைகள் பலவற்றில் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியமே சேர்க்கப்படுவதால், அவற்றையும் வாங்க வேண்டாம்.

மறுமொழி 3: மனைவிக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துவருபவர்

மேலே பொட்டாசியத்தைப் பற்றிக் கூறியவை உங்கள் மாமனாருக்குப் பொருந்தும். எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் பொருந்தா. வயிற்றுக்குள் திரவம் விட்டுக் கழிவை அகற்றும் வயிற்றுவழி டயாலிசிஸில் பொட்டாசியம் நாள்தோறும் வெளியேறுவதால், என் மனைவிக்கு அது குறைந்துபோய், காய்கறிகளைக் கூட்டச் சொன்னார்கள். இரத்தத்தில் அளவு சரியாக உள்ளவர் காயை வேகவைத்து நீரைக் கொட்டினால், நீரில் கரையும் உயிர்ச்சத்துகளை இழப்பதுதான் மிச்சம். பெரிண்டோபிரில், எனாலாபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும். ஆனால் அவை சிறுநீரகத்தைக் காப்பதற்காகவும் கொடுக்கப்படுவதால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று காட்டி, மறுபரிசோதனை எப்போது என்று கேளுங்கள்; உணவியல் நிபுணரிடம் அனுப்பவும் சொல்லுங்கள். பொட்டாசியம் மிகுந்தாலும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆனால் கை கால் திடீரெனத் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.